தெருவில் கிடந்த பாவு

மேலப்பாளையத்தில் பாவு விரித்துக் கிடக்கிற தெருவுக்குள் வண்டியை விடும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. ஒரு தடவை தாசில்தாரின் வில்வண்டி தெருமுனையில் வந்து நின்றது. டவாலி போட்ட சேவகன் இறங்கித் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான். பாவின் இரண்டு பக்கமும் கஞ்சிக் கையோடு நின்ற நெசவாளிகளில் ஒருவராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே, இல்லை. கடைசியில் தாசில்தாரே வண்டியைத் திருப்பச் சொல்லி, வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அந்தக் கதையைத் தெருக்காரர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பாவாற்றி என்கிற பெரிய தூரிகையால் இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்து நடந்து நீவிவிட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டாமல் இழை இழையாகக் காய வேண்டும். அறுந்ததை அங்கேயே முடிந்துவிட வேண்டும். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து ஆரம்பித்தால் வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியம் இல்லை அது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. அன்றைக்குத் தெரு முழுவதும் அந்த வீட்டுப் பாவுக்கு வந்து நிற்கும். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கூலி பேசுவதும் இல்லை.

அந்தப் பாவு ஒன்றே ஒன்றுக்குத்தான் எழும்பும். அடக்கத்துக்குக் கொண்டுபோகிற மையத்து வந்தால், இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்கள். இறந்தவர் அதன் அடியில் போவார். ஈரப்பாவு தொய்ந்து நூறு இழை அறுந்தாலும் அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வீட்டு வாசலில் நிற்கிற பெண்களுக்கு யார் என்ன என்று தெரிந்திருக்காது. பாவு எழும்புவதைக் கண்டதும் இறந்தவருக்காக அவர்கள் வாய் தானாக “இன்னா லில்லாஹி” என்று சொல்லிவிடும். யார் என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கொழும்புக்கோ ஹஜ்ஜுக்கோ போன நெசவாளி திரும்பி வருகிறான் என்று தாக்கல் வந்தால், அவன் வந்து சேருகிற நாளில் அவன் வீட்டுப் பாவைத் தெருவே விரித்துவிடும். வந்தவன் முகம் கழுவிவிட்டு நேரே தறியில் உட்கார வேண்டியதுதான். ஊர் அவனை மறக்கவில்லை என்பதை வேறு எப்படிச் சொல்வது?

இப்பேர்ப்பட்ட தெருவை விட்டுத்தான் நூகு கிளம்பினான். நெசவாளிக்குக் கணக்குப் புத்தி இருந்தால் நல்லதுதான். நூகுவுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்துவிட்டது.

ரயில் செங்கோட்டை தாண்டிக் கொல்லம் வரைக்கும் போக ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன நூகு, விக்கிரமசிங்கபுரம் பக்கம் சும்மா காலாற நடந்தான். மலையடியில் மில்லைப் பார்த்தான். ஆற்றுத் தண்ணீரை மேலிருந்து விழவைத்து அந்த வேகத்தில் சக்கரங்களைச் சுழற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். இப்போது கண்ணால் பார்த்தான். நூல் சிப்பம் ஏற்றிய வண்டிகள் வரிசையாக ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தன. தான் திருநெல்வேலியில் நூல்கடை வாசலில் கைகட்டி நின்று வாங்குகிற அதே நூல். அன்றைக்குக் கல்யாணச் சோறு அவனுக்கு இறங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் எல்லாரையும் பிடித்து வைத்துக் கணக்குச் சொன்னான். கோவில்பட்டிக் கரிசலில் விளைகிற பருத்தி மலையடிக்குப் போய் நூலாகிறது. அந்த நூல் ரயிலேறிக் கிழக்கே வந்து, வியாபாரி கைமாறி, நம்மிடம் வருகிறது. நாம் நெய்கிற கைலி மறுபடி அதே ரயிலில் மேற்கே போய்த் திருவிதாங்கூரில் விற்கிறது. நூலும் மேற்கே இருக்கிறது, கட்டுகிறவனும் மேற்கே இருக்கிறான். நடுவில் நாம் ஏன் இங்கே உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் வண்டிக்கூலி அழ வேண்டும்? தறியைத் தூக்கிக்கொண்டு போய் மில் வாசலில் போட்டுவிட்டால் தீர்ந்தது காரியம்.

கேட்டவர்களுக்குக் கணக்கில் தப்பு எதுவும் தெரியவில்லை.  அசன் முகம்மது மட்டும்தான் மல்லுக்கட்டினான். அவன் நூகுவின் பெண்டாட்டி அலிமா பீவியின் அண்ணன். பழைய பாவின் நுனியோடு புதுப்பாவை இழை இழையாகப் பிணைத்துக் கொடுப்பது அவன் தொழில். தெருவில் அத்தனை தறிக்கும் அவன் விரல்தான் வேண்டும். கூடவே நக்கல் நாக்கு.

“மில்லுக்காரன் அங்கன போனது அருவிக்காக வே. அவனுக்குத் தண்ணி வேணும், போனான். நமக்கு எதுக்குத் தண்ணி? வெயிலும் ஆளும்லா வேணும். அங்கன நீரு பாவு விரிச்சா யாரு வருவா, மலைக் குரங்கா வரும்?”

எல்லாரும் சிரித்தார்கள். நூகுவுக்குச் சுருக்கென்றது. ஆளுக்கா பஞ்சம், தம்பி காஜா வருகிறான், பக்கத்துத் தறி முகம்மது மைதீன் வருகிறான், மீதிக்குக் கூலி கொடுத்தால் வந்துவிட்டுப் போகிறார்கள் என்றான். ஒரு வருஷத்தில் பத்துத் தறி போடாவிட்டால் தன் பெயரை மாற்றிக் கூப்பிடச் சொன்னான். வீம்பில் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் முப்பது பேர் காதில் விழுந்துவிட்டது.

காஜா முகைதீன் அவனைவிட எட்டு வயது இளையவன். வாப்பா கண்ணை மூடிய போது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை. தறிக்குழியில் கால் எட்டாத வயதிலேயே அவனை மடியில் வைத்து ஊடைநூல் ஓடத்தைத் தள்ளக் கற்றுக்கொடுத்தது நூகுதான். அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்; காக்கா கிணற்றில் குதி என்றால் எந்தக் கிணறு என்று மட்டும் கேட்கிற ரகம் அவன். பெண்களைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. புறப்படுகிற அன்று உம்மா ஜுபைதா பீவி மூத்தவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“நீ எங்க வேணாலும் போ, எப்ப வேணாலும் வா. சின்னவனைக் கொண்டு போறே. கொண்டுவந்து எங்கையில விடணும்.”

அதற்கென்ன உம்மா என்று சிரித்துவிட்டுத்தான் நூகு வண்டியேறினான்.

அது மாசி மாதம். மலையடியில் அப்போது வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். விக்கிரமசிங்கபுரத்துக்கு வெளியே, பாழாய்க் கிடந்த ஒரு நெல் கொட்டடியை வாடகைக்குப் பிடித்து, குழி வெட்டி மூன்று தறி போட்டார்கள். முன்னால் புளியமரத்து நிழலில் நீளமான பொட்டல் இருந்தது. பாவு விரிக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா என்று நூகு அதை அளந்து அளந்து பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

முதல் அடி நூலிலேயே விழுந்தது. மில் வாசலில் போய்க் கேட்டான். அங்கிருந்த குமாஸ்தா நல்லவிதமாகத்தான் பேசினார். சில்லறைக்கு நூல் தருகிற வழக்கம் அங்கே இல்லை, சிப்பம் சிப்பமாக எடுக்கிற மொத்த வியாபாரிக்குத்தான் போகும் என்று விளக்கினார். மூன்று தறிக்காரன் கேட்கிற அளவு அவர்களுக்குக் கண்ணுக்கே தெரியாது. அவர் மேலும் தப்பில்லை. திருநெல்வேலியில் எத்தனையோ தறிகள் இருப்பதால்தான் அங்கே நூல்கடை இருக்கிறது என்பது நூகுவுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. கடைசியில் தன் பழைய நூல்கடைக்காரருக்கே சொல்லியனுப்பினான். கண்ணெதிரே அந்த மில்லில் செய்த நூல், வண்டியேறி, ரயிலேறி, திருநெல்வேலி போய், அங்கே கடைக்காரர் லாபத்தையும் வைத்துக்கொண்டு, மறுபடி ரயிலேறி அம்பாசமுத்திரத்தில் வந்து இறங்கியது. அதைச் சுமந்துகொண்டு வருகிற வழியில் காஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

அடுத்தது ஆள். பாவுக்குக் கூலிக்கு வந்தவர்கள் வயல்வேலைக்காரர்கள். நல்ல உழைப்பாளிகள்தான். ஆனால் பாவாற்றியை மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரிப் போட்டுத் தேய்த்தார்கள். அறுந்த இழையைப் பார்க்கவும் தெரியாது, முடியவும் தெரியாது. ஒரு பாவு முடிவதற்குள் நூகு நூறு தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினான். மேலப்பாளையத்தில் எட்டு வயதுப் பிள்ளைகூட நடந்து போகிற போக்கில் அறுந்த இழையைக் கண்டு முடிந்துவிட்டுப் போகும். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் அதற்கே தெரியாது. நூகுவும் அப்படிக் கற்றுக்கொண்டவன்தான். அதனாலேயே அதை ஒரு வித்தை என்று அவன் நினைத்ததில்லை.

பிணைப்பதற்கும் ஆள் கிடையாது. அச்சு பழுதானால் சீர்செய்ய ஆள் கிடையாது. சாயம் ஒரு பிடி குறைந்தால் ஓடிப்போய் வாங்க அடுத்த வீடு கிடையாது. ஊரில் இருந்தபோது இதெல்லாம் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாமல் இருந்தது. ஒவ்வொன்றாக இல்லாமல் போகப் போகத்தான் தெரிந்தது.

சித்திரை கழிந்ததும் முகம்மது மைதீன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மில்லில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். நாள் தவறாமல் சம்பளம், பாவுக்கு நூல் வருமா வராதா என்ற கவலை இல்லை. நூகு அவனைத் திட்டவில்லை.  மில் பக்கத்தில் இருந்தால் தறிக்கு நூல் வரும் என்று கணக்குப் போட்டான். தறியிலிருக்கிற ஆளை மில் இழுத்துக்கொள்ளும் என்பதைக் கணக்கில் சேர்க்க விட்டுப்போயிற்று.

வைகாசியில் அசன் முகம்மதுவிடமிருந்து தாக்கல் வந்தது, அம்பாசமுத்திரத்து ஜவுளி வியாபாரி நாறும்பூநாத பிள்ளை மூலமாக. பிள்ளைவாள்தான் இவர்கள் நெய்கிற கைலியைத் திருவிதாங்கூருக்கு அனுப்புகிறவர். சரக்கு வாங்க அடிக்கடி மேலப்பாளையம் போய்வருவார். நூகு வீட்டு முறையைத் தெரு இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம். அந்த நாள் வந்தால் தெருவில் பாவே விரிக்காமல் சும்மா விட்டுவிடுகிறார்களாம். வீம்பை விட்டுவிட்டு வந்து சேரச் சொன்னானாம் மச்சான்.

“அண்ணாச்சி, ஊருல எல்லாரும் உம்மள எதிர்பார்க்குதாவ” என்று பிள்ளை தன் பங்குக்கும் சொன்னார். நூகுவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. தெருமுனையில் வண்டி நிற்பதும், முப்பது பேர் பல்லைக் காட்டுவதும், பத்துத் தறி எங்கே வே என்று மச்சான் கேட்பதும் அவன் கண்முன் வந்தது. பெருநாளைக்குள் ஒரு நல்ல சரக்கு அனுப்பிவிட்டு, கையில் நாலு காசோடு கௌரவமாகப் போகலாம் என்று தம்பியிடம் சொன்னான். காஜா வழக்கம்போல் சரி என்றான்.

ஆனி பிறந்தது. சாரல் இறங்கியது.

குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் சாரல் அனுபவிக்கவென்றே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நூகுவுக்கும் சாரல் தெரியும். மேலப்பாளையத்தில் மேற்கே பார்த்தால் மலைமேல் மேகம் நிற்பது தெரியும், அவ்வளவுதான். தெருவில் அப்போதும் வெயில் காயும், காற்று வீசும், பாவு ஒரு நாழிகையில் காயும். மலையடியில் அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியாத தூற்றல் பகலெல்லாம் விழுந்தது. நூல் நூற்பதற்கு அந்த ஈரம் நல்லதாம், இழை அறாதாம். மில்லிலிருந்து வந்த முகம்மது மைதீனே சொன்னான். பாவுக்கு அது விஷம். கஞ்சி போட்ட பாவு காயவே இல்லை. பொட்டலில் விரித்ததைக் கொட்டடிக்குள் மாற்றினார்கள். அடியில் கங்கு போட்டுக் காயவைத்துப் பார்த்தார்கள். இழைகள் கயிறு கயிறாக ஒட்டிக்கொண்டன. மூன்றாம் நாள் பாவு முழுவதும் பச்சையாய்ப் பூத்து, கொட்டடியில் புளித்த நாற்றம் அடித்தது. அந்தப் பாவை அப்படியே சுருட்டி வாய்க்காலில் போட்டார்கள்.

அசன் முகம்மது சொன்ன வார்த்தை அப்போதுதான் நூகுவுக்கு முழுதாக விளங்கியது. மில் அதன் இடத்தில் இருக்கிறது. தெருவும் அதன் இடத்தில்தான் இருந்தது. தான் ஒருவன்தான் இடம் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த அன்றே கிளம்பியிருக்கலாம். அதுதான் செய்யவில்லை.

அந்த வாரத்திலேயே காஜாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மலையடிவாரத்துக் காய்ச்சல். ஒருநாள் போட்டு உலுக்கும், மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல் விட்டுவிடும், அதற்கு மறுநாள் மறுபடி வரும். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து கொடுத்தார்கள். பையன் எழுந்து உட்கார்ந்தான், கஞ்சி குடித்தான். படுத்துக் கிடக்க வேண்டும், ஈரத்தில் நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் பயப்படவேண்டாம், எங்களுக்கெல்லாம் வந்து போனதுதான் என்றார்கள். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் கிடந்த உடம்புகள் அவை.

“காக்கா, ஊருக்குப் போயிருவமா?” என்று காஜா கேட்டான். அவனாக வாய்விட்டு ஒன்று கேட்டது அவன் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

“ஒரு பாவு லே. இந்த ஒரு பாவை ஏத்திட்டமின்னா பெருநாளைக்குப் போயிரலாம்.”

காஜா தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் சாரல் நின்று, மலை பளிச்சென்று தெரிந்தது. வெயில் வந்தது. கையிலிருந்த கடைசி நூலை இழைகூட்டி வைத்த பாவு கொட்டடியில் தயாராக இருந்தது. நூகு கூலியாட்களைத் தேடி ஓடினான். சாரல் நின்றால் வயலிலும் அன்றைக்கே நடவு. ஒரு ஆளும் கிடைக்கவில்லை. மில் வாசலில் போய் நின்று முகம்மது மைதீனைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவன் உள்ளே வேலையில் இருந்தான். வந்தது ஒரு கிழவனும் அவன் மகளும்தான். பாவின் ஒரு கோடியை முளையில் கட்டினால், மறு கோடியை ஓர் ஆள் பிடித்துத் தளரவும் விடாமல் இறுக்கவும் செய்யாமல் நிற்க வேண்டும். அந்தப் பக்குவம் கிழவனுக்குத் தெரியாது.

கொட்டடிக்குள் காஜா படுத்திருந்தான். அன்றைக்குக் காய்ச்சல் வருகிற முறை. இன்னும் வரவில்லை.

நூகு வாசலில் கொஞ்சநேரம் நின்றான். வெயிலைப் பார்த்தான், பாவைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்குள் காஜாவே எழுந்துவிட்டான். அதுதான் பிற்பாடு நூகுவை உயிரோடு தின்றது. படு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயில் ஒன்றும் அடைத்திருக்கவில்லை.

பாதிப் பாவு நீவும் வரை எல்லாம் சரியாகப் போனது. இழைகள் தனித்தனியாக மினுங்கின. நாலு மாதத்தில் முதல் தடவையாக நூகுவுக்கு நெஞ்சு லேசானது. அப்புறம் மறு கோடியில் பாவு அதிர ஆரம்பித்தது. காஜாவுக்குக் குளிர் வந்துவிட்டது. பல் கிட்டித்துப் போய், கைகள் மட்டும் பாவு கட்டியிருந்த கட்டையை விடாமல் பிடித்திருந்தன. விடுலே, விட்டுட்டு வாலே என்று நூகு கத்தவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே பாவாற்றியை ஓட்டினான். மலையிலிருந்து வெள்ளையாக ஒரு திரை இறங்கி வருவதை அவன் பார்த்தபோது தூற்றல் முகத்தில் விழுந்துவிட்டது. அவன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் தம்பி மண்டியிட்டிருந்தான். அப்போதும் பாவு மண்ணில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

அதற்குமேல் காய்ச்சல் விடவில்லை. கொய்னாவும் ஏறவில்லை, குடித்ததெல்லாம் வெளியே வந்தது. ஒருவேளை அன்று படுத்தே கிடந்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்குமோ என்னவோ. அந்தச் சமாதானத்தை ஆஸ்பத்திரிக்காரர் சொன்னார். நூகு அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

காஜா பிதற்றலுக்கு நடுவில் தெரு, தெரு என்றான். பாவு யார் முறை என்று கேட்டான். நூகு நாறும்பூநாத பிள்ளையைத் தேடிப்போனான். அவர் மறுநாள் ரயிலில் திருநெல்வேலி போவதாக இருந்தார். நாங்கள் வந்துவிடுகிறோம், வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேர்வோம் என்று வீட்டில் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டான். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டாம், உம்மா பயந்துபோவாள் என்றான். உம்மாவுக்காகத்தான் அப்படிச் சொன்னான். கொஞ்சம் தனக்காகவும்தான்.

உட்காரமுடியாத ஆளை ரயிலில் கொண்டுபோக வழியில்லை. வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் தம்பியைக் கிடத்தி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை மத்தியானம் புறப்பட்டான். ஆற்றைக் கடந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் என்று பாதை கிழக்கே போகப் போகச் சாரல் நின்றது. மண் காய்ந்து கிடந்தது. சேரன்மாதேவிக்கு முன்னால் காஜா கண்ணைத் திறந்தான். மடியில் தலைவைத்தபடியே அண்ணாந்து பார்த்தான்.

“கையை விட்டுட்டேன்லா காக்கா. பாவு வீணாப்போச்சோ?”

“இல்லலே. ஒண்ணும் ஆவல. நல்லாக் காஞ்சிட்டு.”

அந்தப் பொய்தான் தம்பிக்கு அவன் கடைசியாகக் கொடுத்தது. பத்தமடையைத் தாண்டும்போது மடியில் கனம் மாறிவிட்டது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து மாட்டை நிறுத்தினான். ஓட்டும் என்றான் நூகு. தம்பியின் கண்ணை மூடிவிட்டுத் தன் துப்பட்டியைப் போர்த்தினான். 

மேலப்பாளையம் போய்ச் சேரும்போது சுபுஹு முடிந்து வெளுத்திருந்தது. வண்டி தெருமுனையில் நின்றது. தெருவில் பாவு கிடந்தது.

கோடிக்குக் கோடி இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஈரம் மின்னக் கிடந்தது. இரண்டு பக்கமும் தெருவே நின்றது. இத்தனை பேரை ஒரு பாவில் நூகு பார்த்ததே இல்லை. முறை இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். பாவாற்றிகள் ஒரே சீராகப் போய்வந்துகொண்டிருந்தன. அசன் முகம்மது வண்டியை முதலில் கண்டான். கஞ்சிக் கையைத் தூக்கி, முகமெல்லாம் சிரிப்பாகக் கூப்பிட்டான்.

“வாரும் வே, முதலாளி. உம்ம பாவுதான் இது. வெயில் ஏறுமுன்ன முடிச்சிருதோம். சின்னவன் எங்க, இன்னும் தூங்குதானா? எழுப்பும் அவனை. வந்து ஒரு கோடியப் பிடிக்கச் சொல்லும்.”

நூகு வண்டியை விட்டு இறங்கினான். மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். யாருடைய முகத்திலும் அவன் பயந்த இளக்காரம் இல்லை. நாலு மாதமாக மலையடியில் தன்னைக் கட்டிப்போட்ட அந்தச் சிரிப்பு இங்கே எங்கேயும் இல்லவே இல்லை. வந்துவிட்டானே என்ற சந்தோஷம்தான் இருந்தது. எதற்காகத் தம்பியைப் பலிகொடுத்தோம் என்று அவனுக்கு அந்த இடத்தில் தெரிந்தது.

மையத்து என்ற சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. இரண்டு தடவை முயன்றான்.

“மச்சான்” என்றான். “பாவைத் தூக்கச் சொல்லும்.”

அசன் முகம்மதுவின் கை அந்தரத்தில் நின்றது. அந்த வார்த்தைக்குத் தெருவில் ஒரே அர்த்தம்தான். அவன் வண்டியைப் பார்த்தான், துப்பட்டியைப் பார்த்தான்.  குனிந்து தன் பக்கத்துப் பாவைப் பிடித்தான். பக்கத்தில் நின்றவன் பிடித்தான், அதற்கடுத்தவன் பிடித்தான். முளைகளை யாரோ தளர்த்தினார்கள். கஞ்சி சொட்டச் சொட்டப் பாவு மெதுவாகத் தலைக்கு மேலே எழும்பியது. அங்கங்கே இழைகள் அறுந்து தொங்கின. அத்தனை கைகளும் மேலே இருந்ததால் கண்ணைத் துடைக்க யாருக்கும் கை இல்லை.

வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டான். கை ஓய்வாக இருந்த நாலு பேர் வந்து வைக்கோலோடு சேர்த்துத் தூக்கினார்கள். நூகு முன்னால் நடந்தான். ஈரம் அவன் தலையில் விழுந்தது.

பாவு எழும்பியதும் தெருவின் மறு கோடி தெரிந்தது. அங்கே தன் வீட்டு வாசலில் ஜுபைதா பீவி தலையில் புது முட்டாக்குப் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்காக நின்றிருந்தாள். வயதான கண், அவ்வளவு தூரத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. தலைக்கு மேலே போய்விட்ட பாவு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அவள் முட்டாக்கைச் சரிசெய்து, கைகளை ஏந்தி, யாரோ பெற்ற பிள்ளைக்காக “இன்னா லில்லாஹி” என்று சொல்வதை நூகு பார்த்துக்கொண்டே நடந்தான். சொல்லி முடித்துவிட்டு அவள் பக்கத்து வாசல்காரியிடம் திரும்பினாள், யார் என்று கேட்பதற்கு.